பத்திரிகை நடத்திய முதல் தமிழ்ப் பெண் யார்?

கேள்வி: எங்கள் ஊரில் கோரையை ஊறவைத்து, சாயம் ஏற்றி, பாய் நெய்பவர்களில் பெண்களே அதிகம். ஆனால் கடைப் பலகையில் பெண் பெயரைக் காண்பது அபூர்வம். பத்திரிகைத் தொழிலில் முதலாளியாக நின்ற முதல் தமிழ்ப் பெண் யார்? அவரது குடும்ப வாழ்க்கை எப்படி இருந்தது?
– ஒரு வாசகி, பத்தமடை

பதில்: உங்களுக்குப் பக்கத்திலுள்ள பாளையங்கோட்டையில் 1849-லேயே 'நற்போதகம்' தொடங்கிவிட்டது. ஆனால் அது கிறிஸ்தவ மிஷனின் இதழ். 1899-ல் வந்த 'மாதர் மனோரஞ்சனி' பெண்களுக்கானது, நடத்தியவரோ சி.எஸ். ராமசாமி ஐயர். பெண்ணே ஆசிரியராக அமர்ந்தது அடுத்த பத்தாண்டில்தான். 'தமிழ் மாது' இதழை நடத்திய கோ. ஸ்வப்பனேஸ்வரி அம்மாளை முன்னோடி என்று சொல்லலாம்.

ஆனால் இதழைச் சொந்தமாக வாங்கி, எழுதி, விற்று, முப்பத்தைந்து ஆண்டுகள் தாங்கி நிறுத்தியவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். காஞ்சிபுரம் பக்கத்து நீர்வளூரில் 1901-ல் பிறந்தார். ஐந்தரை வயதில் திருவல்லிக்கேணி வை.மு. பார்த்தசாரதிக்கு மணம் முடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. புகுந்த வீட்டில்தான் கற்றார். கதை சொல்லும் திறமை மட்டும் பிறவியிலேயே இருந்தது. முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார்.

1925-ல், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' இதழை வாங்கினார். நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் யோசனை அது. இதழில் 'வைதேகி' தொடராக வந்தது, வாசகர்கள் சேர்ந்தார்கள். ஒரு பெண் பத்திரிகை நடத்துவதா என்று ஏளனம் செய்தவர்களும் இருந்தார்கள். அவர் அதற்காகப் பேனாவைக் கீழே வைக்கவில்லை. மொத்தம் 115 நாவல்கள் எழுதினார்.

காந்தியடிகளைச் சந்தித்த பின் பட்டையும் நகையையும் விட்டுக் கதர் உடுத்தினார். கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி மறுப்பு என்று போராடி 1930-களின் தொடக்கத்தில் சிறை சென்றார். அங்கேயும் நாவல் எழுதினார். அப்போது இதழ் நிற்காமல் பார்த்துக்கொண்டவர் கணவர் பார்த்தசாரதி. மனைவி மேடையேறுவதை வெட்கமாக நினைத்த காலத்தில் அவர் மனைவியின் தொழிலுக்குத் துணை நின்றார். கோதைநாயகியின் வெற்றியில் அவருக்கும் பங்கு உண்டு.

1956-ல் ஒரே மகன் சீனிவாசன் இறந்தது அவரை உடைத்துவிட்டது. 1960 பிப்ரவரி 20-ல் அவரும் காலமானார். 'ஜகன்மோகினி'யும் அந்தக் காலத்தோடு முடிந்தது.

நீங்கள் கேட்ட பெயர்ப் பலகை விஷயத்துக்கு வருகிறேன். கோதைநாயகிக்கு முன்பும் எழுதிய பெண்கள் உண்டு. அவர் செய்த புதுமை, உழைப்போடு உரிமையையும் தன் பெயரில் வைத்துக்கொண்டதுதான். பத்தமடைப் பாய்க்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; ஊரின் பெயர் காப்பாற்றப்பட்டது. நெய்தவரின் பெயரும் பாயோடு போக வேண்டும் என்பதே என் கருத்து. விலையை எந்தப் பெண் நிர்ணயிக்கிறாளோ அவளே முதலாளி.

ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பரணிலோ பெட்டியிலோ பழைய 'ஜகன்மோகினி' இதழ்கள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குத் தெரிவியுங்கள். அந்தத் தாள்களில் இருப்பது நம் பெண்களின் தொழில் வரலாறு.