கப்ராவின் வழியில் ஸ்டீல் கிதார் தொடங்கும் பிள்ளைகளுக்கு

ஏப்ரல் 12 பண்டிட் பிரிஜ் பூஷண் கப்ராவின் நினைவு நாள். 2018இல் அவர் காலமானார். கிதாரை மடியில் கிடத்தி, தந்திமேல் எஃகுப் பாரை நழுவவிட்டு, ஒரு இந்துஸ்தானி ராகத்தை ஆலாபனையிலிருந்து முழுமையாக வாசிக்க முடியும் என்று நிலைநாட்டியவர். நான் அவரிடம் நேரில் பயின்றவன் அல்லன். அவருடைய இசைத்தட்டுகளே எனக்குக் குருகுலம். கொல்லிமலையில் சோளக்காட்டிலும் செம்மேட்டிலும் இருந்து கிதாரைத் தூக்கிக்கொண்டு வரும் உங்களுக்கு, அவரை நினைத்துக்கொண்டே இவற்றை எழுதித் தருகிறேன்.

1. முதலில் பாடு. குரல் நன்றாக இல்லையே என்று கூச்சப்படாதே. தந்தியில் வாசிக்கப்போகும் வரியை வாயால் பாடிப் பார்க்காமல் பாரைக் கையில் எடுக்கக் கூடாது. சாதாரண கிதாரில் விரல் எங்கே அழுத்தினாலும் ஃபிரெட் கம்பி ஸ்வரத்தைச் சரியான இடத்தில் நிறுத்திவிடும். நம்முடையதில் அந்தக் காவல் கிடையாது. பார் எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் ஸ்வரம். அது சரியா தப்பா என்று சொல்ல உன் காதைவிட்டால் வேறு யாரும் இல்லை. அந்தக் காதைப் பழக்குவது பாட்டுதான்.

2. உன் வாத்தியத்தையே வாசிக்கும் குரு கிடைக்கவில்லை என்று ஏங்காதே. இந்த மலையில் பலர் என்னிடம் சொல்லும் குறை இது. அவர்களுக்கு நான் கப்ராவின் கதையைத்தான் சொல்வேன். அவர் 1937இல் ஜோத்பூரில் பிறந்தார். தந்தை இனாயத் கானிடம் சிதார் பயின்றவர். அண்ணன் தாமோதர்லால் சரோத் வாசிப்பவர். அந்த வீட்டுப் பிள்ளை கல்கத்தா போன இடத்தில் ஹவாயன் கிதாரைக் கேட்டு அதன்மேல் பித்துக்கொண்டார். அதில் சாஸ்திரிய சங்கீதத்தை மட்டுமே வாசிப்பேன் என்று தந்தைக்கு வாக்குக் கொடுத்த பிறகுதான் வீட்டில் இசைந்தார்கள் என்று சொல்வார்கள். ஆனால் அந்த வாத்தியத்தில் ராகம் கற்றுத் தர அப்போது யார் இருந்தார்கள்? அவர் போய் நின்றது சரோத் மேதை அலி அக்பர் கானிடம். குரு சரோதில் வாசித்ததைச் சீடர் கிதாரில் தேடிக் கண்டுபிடித்தார். சரோதிலும் ஃபிரெட் கிடையாது, உலோகப் பலகைமேல் நகம் வழுக்கித்தான் ஓடும். அந்த உறவு அவருக்குக் கைகொடுத்தது. ஆகவே தம்பி, உன் ஊரில் தேவாரம் பாடுகிறவர் இருந்தால் அவர் உனக்குக் கிதார் வாத்தியார்தான். கேழ்வரகு நடும்போது உன் அப்பத்தா இழுத்துப் பாடுகிற பாட்டும் பாடம்தான்.

3. விலை உயர்ந்த வாத்தியத்துக்காகக் காத்திருக்காதே. எஃகுத் தந்தி போட்ட சாதாரண கிதார் போதும். கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் ஏறி உட்காரும் சின்னப் பாலத்தின்மேல் உயரம் கூட்டும் துண்டு ஒன்றைப் பொருத்தினால், பார் உரசாத அளவுக்குத் தந்திகள் எழும்பிவிடும். கப்ராவே மேல்நாட்டுக் கிதார் ஒன்றைத்தான் இப்படி மாற்றி, கூடுதல் தந்தியும் சேர்த்துத் தன் வாத்தியமாக்கிக்கொண்டார். தந்திகளைத் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ச ப ச க ப ச என்று இரண்டு கட்டைச் சுருதிக்கு வை. இந்த முறையில் எந்தத் தந்தியையும் வழக்கத்துக்கு மேல் முறுக்க வேண்டியதில்லை, நான்கைத் தளர்த்தினால் போதும். தந்தி அறுபடாது. முறுக்கி ஏற்றும் முறைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

4. பாரை அழுத்தாதே. அதன் எடையே போதும். தந்தியைக் கீழே அமுக்கினால் சுருதி ஏறிவிடும், ஃபிரெட்டில் இடித்து ‘டக்’கென்ற சத்தமும் வரும். பாருக்குப் பின்னால், தலைப்பக்கமாக, மோதிர விரலும் சுண்டுவிரலும் தந்திகளை லேசாகத் தொட்டபடியே போகட்டும். இல்லாவிட்டால் பாருக்குப் பின்னால் இருக்கும் தந்தித் துண்டும் சேர்ந்து முனகும். வேறு வேலை எதையும் தொடாமல் இதற்கென்றே ஒரு மாதம் கொடு. அவசரப்படுகிற பிள்ளைகள் எல்லாரும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

5. பாரின் நடு, ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும், கட்டத்தின் நடுவில் அல்ல. தொடக்கத்தில் கண்ணால் பார்த்தே நிறுத்து, பிறகு கண்ணை மூடு. ஒன்றை மட்டும் மனத்தில் வை: கிதாரில் முதல் கட்டம் ஏறக்குறைய 36 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது ஃபிரெட்டைத் தாண்டியதும் கட்டம் 18 மில்லிமீட்டராகக் குறுகிவிடும். அதாவது கீழே ஒரு மயிரிழை பிசகினால் காதுக்கு எவ்வளவு உறுத்துமோ, மேலே அதே பிசகு இரண்டு மடங்கு உறுத்தும். மேல் ஸ்தாயிக்குப் போகும் ஆசையைக் கொஞ்ச நாள் அடக்கிவை.

6. எல்லா ஸ்வரத்தையும் ஆட்டாதே. ஹவாய்ப் பாணியில் ஒவ்வொரு ஸ்வரத்திலும் பாரை முன்னும் பின்னும் அதிரச் செய்வார்கள், அந்தச் சங்கீதத்துக்கு அது அழகு. நமக்கு ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாதவை. அந்த இரண்டில் பார் பாறை மாதிரி நிற்க வேண்டும். காந்தாரத்தையோ நிஷாதத்தையோ ராகம் கேட்கிற அளவுக்கு மட்டும் அசை. இடம் சரியாகத் தெரியாதபோது பாரை ஆட்டி மறைப்பது சுலபமாகத் தோன்றும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு காது திருந்தவே திருந்தாது. கப்ராவின் ஆலாபனையில் ஒரு நீண்ட ஸட்ஜத்தைக் கேட்டுப் பார், நான் சொல்வது புரியும்.

7. முதல் ராகமாக நவரோஜைப் பிடி. எங்கள் மலையின் பெயரையே கொண்ட பண் ஒன்று தேவாரத்தில் உண்டு. திருவதிகையில் வயிற்று நோய் தீரும்படி அப்பர் பாடிய முதல் பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்தது. அந்தப் பண்ணை இன்று நவரோஜ் ராகத்தில்தான் பாடுகிறார்கள். நான் இதைத் தேர்ந்தெடுத்தது மலைப்பாசத்தினால் மட்டுமல்ல, நம் வாத்தியத்துக்கு அது அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது. நவரோஜ் மேல் ஸட்ஜம் வரை ஏறாது. மந்திர பஞ்சமத்தில் தொடங்கி மத்திய பஞ்சமத்தில் நின்றுவிடும். நம் சுருதியில் தடித்த பக்கத்திலிருந்து இரண்டாவது தந்தி மந்திர பஞ்சமம். அதைத் திறந்து மீட்டினால் ப. இரண்டாவது ஃபிரெட்டில் த, நான்கில் நி, ஐந்தில் ச, ஏழில் ரி, ஒன்பதில் க, பத்தில் ம, பன்னிரண்டில் மறுபடி ப. ராகம் முழுதும் ஒரே தந்தியில் அடங்கிவிட்டது. தந்தி மாறாமல், ஒரே மீட்டலில் இரண்டு மூன்று ஸ்வரம் வழுக்கிப் போகப் பழகு. ஓதுவார் பதிகத்தைப் பாடும்போது எங்கே மூச்சு விடுகிறாரோ அங்கேதான் நீயும் மறுபடி மீட்ட வேண்டும். இந்த ஒரு பாடத்தை ஆறு மாதம் விடாமல் செய்தவர்கள் எந்த ராகத்துக்கும் அஞ்ச மாட்டார்கள்.

8. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததும் உடனே வாசிக்காதே. குளிரில் எஃகுத் தந்தி சுருங்கி இறுகும், ஈரத்தில் மரம் உப்பும். கீழே நாமக்கல்லில் கூட்டிய சுருதி மேலே வரும்போது தூக்கியிருக்கும். பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு சுருதி சேர். பனிக்காலத்தில் வாசித்து முடித்ததும் தந்திகளையும் பாரையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து வை. துரு ஏறிய தந்தியில் பார் வழுக்காது, அரைக்கும்.

9. சினிமாப் பாட்டை இளப்பமாகப் பேசாதே. வான் ஷிப்லியும் சுனில் கங்குலியும் திரைப்பாடல்களை ஹவாயன் கிதாரில் வாசித்து வெளியிட்ட தட்டுகள்தான் இந்த வாத்தியத்தை வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆடி மாதம் நம் மலையில் நடக்கும் ஓரி விழா மேடையில் வாசிக்க ஆசைப்படுகிறாய், மக்களுக்குத் தெரிந்த பாட்டையே வாசி, மகிழ்ச்சியாக வாசி. மறுநாள் காலையில் மட்டும் நவரோஜுக்குத் திரும்பிவிடு.

10. இது அந்நிய வாத்தியம் என்று யாராவது சொன்னால் சண்டை போடாதே, வரலாற்றைச் சொல். ஹவாய்த் தீவுகளில் ஜோசஃப் கெகூக்கு என்ற பள்ளிக்கூடத்துப் பையன், உங்கள் வயதுதான், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிதார்த் தந்திமேல் இரும்புத் துண்டை நழுவவிட்டுப் பார்த்து, அதையே ஒரு வாசிப்பு முறையாக வளர்த்தான். அவனுக்கும் முன்னால் இந்தியாவில் பிறந்த கேப்ரியல் டேவியன் என்பவர் அங்கே இப்படி வாசித்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. கப்ரா இந்த வாத்தியத்தைக் கேட்ட அதே கல்கத்தாவில், 1940களில் டாவ் மோ என்ற ஹவாயன் கலைஞர் குடும்பத்தோடு தங்கி வாசித்தார்.

தமிழ்நாட்டிலோ தந்திமேல் உருளையை நழுவவிடும் வாத்தியம் முன்பே இருந்தது. கோட்டுவாத்தியத்தில் கருங்காலிக் கட்டைதான் நம்முடைய பார். திருவிடைமருதூர் சகாராம ராவ் அதில் பெரிய வித்வான். செம்மங்குடி சீனிவாச ஐயர் இளம் வயதில் அவரிடம் பாடம் கேட்டவர். அவ்வளவு பெரிய பாடகர் நழுவு தந்தி வாசிப்பவரிடம் போய்ப் பாட்டுக் கற்றிருக்கிறார்! குரலுக்கும் இந்த வாத்தியத்துக்கும் உள்ள நெருக்கத்துக்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. சகாராம ராவின் சீடர் நாராயண ஐயங்கார், கலாக்ஷேத்திராவில் கற்பித்த பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி, இவர்கள் வாசித்த பதிவுகள் கிடைத்தால் விடாதீர்கள். கமகத்துக்குப் பாரை எப்படி நகர்த்துவது என்பதைக் கப்ராவிடம் அல்ல, இவர்களிடம்தான் கற்க வேண்டும். கப்ராவின் இழுப்பு இந்துஸ்தானி இழுப்பு, அதை அப்படியே கர்நாடக ராகத்தில் கொண்டுவந்து வைத்தால் ஒட்டாது.

11. வாங்கிக்கொள்வதோடு நிறுத்தாதே. கப்ரா தான் தேடிக் கண்டதைச் சீடர்களுக்குக் கொடுத்தார். அவரிடம் பல ஆண்டுகள் பயின்ற தேபாஷிஷ் பட்டாச்சார்யா இன்று சதுரங்கி, கந்தர்வி, ஆனந்தி என்று தானே வடிவமைத்த கிதார்களில் உலகமெங்கும் வாசிக்கிறார், கற்பிக்கவும் செய்கிறார். உங்களில் பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளுக்குப் பார் பிடிக்கக் காட்டிக் கொடுங்கள். நான்காம் எண்ணில் இருப்பதை வாயால் சொன்னால் போதாது, விரலைப் பிடித்துத்தான் வைக்க வேண்டும்.

12. ஏப்ரல் 12 அன்று எல்லாரும் காலையிலேயே வந்துவிடுங்கள். 1967இல் வெளிவந்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டைச் சேர்ந்து கேட்போம். காஷ்மீரத்து மேய்ப்பன் ஒருவனுடைய ஒரு நாள்தான் அதன் கதை. சந்தூரில் சிவகுமார் சர்மா, குழலில் ஹரிபிரசாத் சௌராசியா, கிதாரில் கப்ரா. அப்போது சந்தூரையும் கிதாரையும் சாஸ்திரிய மேடைக்கு உரியவையாகப் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்று இளைஞர்களும் சேர்ந்து வாசித்த அந்தத் தட்டு உலகமெங்கும் போனது. அதில் வரும் தேஷில் கப்ராவின் வரி ஒன்றை ஒவ்வொருவரும் பொறுக்கி, வாயால் பாடிக் காட்ட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கிதார். தந்தி அறுந்திருப்பவர்கள் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், நாமக்கல்லுக்கு ஆள் அனுப்பி வாங்கிவர வேண்டும்.