பாட்டில் காலியாகாமல் திரும்பி வந்தால்

பெண்கள் பள்ளியில் வகுப்பாசிரியையாக இருந்து நான் கண்டுகொண்டது இது: சிறுநீரை அடக்கும் பிள்ளைகள் முதலில் தண்ணீரைத்தான் நிறுத்துகிறார்கள். காலையில் கொண்டுவந்த பாட்டில் மாலையில் அப்படியே வீட்டுக்குப் போகும். கேட்டால், "தண்ணி குடிச்சா பாத்ரூம் வரும் மிஸ்" என்பார்கள். அங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது, அல்லது வாளியில் தண்ணீர் இருக்காது.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குக் குளிர்காய்ச்சல், வாந்தி, விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி. சிறுநீர்த் தொற்று சிறுநீரகம்வரை போய்விட்டது என்றார் மருத்துவர். "ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழட்டாம பாத்ரூமுக்குத்தான் ஓடுவா டீச்சர்" என்றார் அவள் அம்மா.

பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறக்குறைய 4 செ.மீ. நீளம்தான்; ஆண்களுக்கு 20 செ.மீ. அளவு. அதனால் குடலில் வாழும் ஈ.கோலை கிருமி பெண்களுக்குச் சுலபமாக மேலே ஏறிவிடும். அவ்வப்போது போனால் சிறுநீரே அதைக் கழுவித் தள்ளிவிடும், தேங்கினால் பெருகும். என்றோ ஒருநாள் பஸ்ஸில் அடக்கியதால் ஒன்றும் ஆகிவிடாது. தினமும் காலையிலிருந்து மாலைவரை அடக்குவதுதான் ஆபத்து. இறுக்கியே பழகிய தசை போகும்போதும் சரியாகத் தளராது, உள்ளே மிச்சம் தங்கும்.

பாடம் நடக்கும்போது பாத்ரூம் போகக் கேட்டாலும் நான் அனுப்பிவிடுவேன். காரணம் கேட்பதில்லை. கேரளப் பள்ளிகள் சிலவற்றில் 2019-ல் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் கழிப்பறைக் கதவு சரியில்லாத பள்ளியில் எத்தனை மணி அடித்தாலும் பெண்பிள்ளை குடிக்கமாட்டாள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன் கழிப்பறையைப் பற்றிக் கேட்க வேண்டும்.

வீட்டில், பிள்ளையின் பாட்டிலைத் தினமும் தூக்கிப் பாருங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, அவசரப்படாமல் உட்கார்ந்து முழுதாகப் போகச் சொல்லுங்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள், நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். எரிச்சலோடு சொட்டுச் சொட்டாகப் போனால், இளநீர் கொடுத்து நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எரிச்சல் நின்றுவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் விடக்கூடாது. குளிர்காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்து வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.