முதியோரும் இளைஞரும் ஒருங்கிருந்து பயிலல்

இக்காலத்தே நம்மூர் வீடுகளில் முதியோர் திண்ணையிலும் இளைஞர் உள்ளறையிலுமாகத் தனித்திருத்தலையும், இருசாராரிடையே நிகழும் பேச்சு "சாப்பிட்டாயா" என்பதனோடு முடிதலையும் யாவருங் காண்கின்றோம். முதியோரை இளைஞர் பேணவேண்டுமெனப் பலருங் கூறுவர். அது சரியே. ஆயினும், அதனாற் பயன்பெறுவார் முதியோர் மாத்திரமே என்று கருதுதல் பிழையாம். இருவரும் ஒரு காரியத்தின்கண் ஒருங்கு முயல்வாராயின், பயன் இருபாலார்க்கும் உண்டு.

திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் பாலர். திருநாவுக்கரசு நாயனார் முதியவர். சீகாழியிலே பிள்ளையார் அவரை "அப்பரே" என்றழைத்தமையும், பின்னர்த் திருப்பூந்துருத்தியிலே அப்பமூர்த்திகள் பிள்ளையாருடைய சிவிகையைத் தாங்குவாருள் ஒருவராய் வந்தமையும் பெரியபுராணத்துட் காண்க. திருமறைக்காட்டிலே திருக்கதவந் திறக்கப் பாடினவர் முதியவர். அடைக்கப் பாடினவர் இளையவர். மதுரைக்குப் புறப்பட்ட பிள்ளையாரை, கோள்நிலை நன்றன்றென்று அப்பமூர்த்திகள் தடுத்தனர். பிள்ளையார் அவ்வச்சத்தை இகழ்ந்திலர். கோளறு பதிகம் பாடி அதனைத் தீர்த்தருளினார். அம்முதியவருடைய கவலையே அப்பதிகந் தோன்றுதற்கு ஏதுவாயிற்று.

யாழ்ப்பாணத்துச் சைவாலயங்களிலே இத்தகைய கூட்டத்திற்கு ஏற்ற இடம் முன்னரே உளது. அது புராண படனம். கச்சியப்ப சிவாசாரியர் அருளிய கந்தபுராணம் 6 காண்டங்களும் 10,345 செய்யுள்களும் உடையது. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வர். வாசிப்போன் சீரைப் பிழைபடப் பிரிப்பனாயின் பயன் சொல்வோர் நிறுத்தித் திருத்துவர். இவ்வாறு சிலகாலம் இருந்த இளைஞன் சொற்புணர்ச்சியைச் சூத்திரத்தால் அன்றிச் செவியால் அறிவன். சபையிலே குரல் நடுங்காது நிற்கவும் பழகுவன். முதியவரோ, கண்ணொளி குன்றியபின்னும் நூலோடுள்ள தொடர்பை இழவார். நாளைக்கு ஆயத்தஞ் செய்யவேண்டிய காரியம் ஒன்று அவர்க்கு உளதாம்.

யான் இளமையிற் கற்றது பாதிரிமார் நடாத்திய ஒரு பாடசாலையில். பதினைந்து வயதிலே ஆங்கில இலக்கணத்தை ஒப்பிக்க வல்லனாயிருந்தேன். கண்ணிற் படலம் விழுந்த அயற்பெரியவர் ஒருவர், தமக்குப் புராணம் வாசித்துக்காட்டும்படி அழைத்தார். உபகாரஞ் செய்கின்றேன் என்னும் இறுமாப்போடு சென்றேன். முதலடியை யான் மூன்று துண்டாக வெட்டியவுடனே, அவர் நூலைப் பாராமலே செய்யுள் முழுவதையுஞ் சொல்லிவிட்டு, "தம்பி, இனி நீர் வாசியும்" என்றார். அன்று யான் அடைந்த வெட்கம் பெரிது. இன்று வகுப்பிலே செய்யுள் நடாத்தும்போது என் செவியில் ஒலிப்பது அவர் குரலே.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த யுத்தத்தினாற் பல குடும்பங்கள் சிதறின. பிள்ளைகள் கடல்கடந்த நாடுகளிலும் பெற்றோர் ஊரிலுமாகப் பிரிந்தனர். பயன் சொல்லவல்லார் சிலர் மாணாக்கர் ஒருவரையேனும் ஆக்காமலே காலஞ்சென்றனர். எஞ்சியோரும் முதிர்ந்த பிராயத்தினர். இவர்க்குப்பின் நூல் இருக்கும். வாசிக்கும் முறைமை இராது. ஒலிப்பதிவு செய்துவைத்தல் போதாதோவெனின், போதாது. வைத்தல் நன்றே, ஆயின் அது பிழையைத் திருத்தாது, வினாவிற்கு விடை சொல்லாது.

இளைஞரைத் தண்டனைபோல வலிந்து இருத்தலாகாது. ஒருமணி நேரம் அமையும். பரீட்சைக் காலத்தை விலக்குக. முதியோரும் "எங்கள் காலத்திலே" என்று தொடங்குதலைக் குறைத்துக்கொள்வாராக (இஃது எழுதுவோனுக்குமாம்).

எம்மூர்ப் பிள்ளையார் கோயில் மண்டபத்திலே முதியவர் ஒருவரும் மாணாக்கர் இருவரும் வெள்ளிதோறும் வாசித்து வருகின்றனர். இப்பொழுது அசுரகாண்டம் நடைபெறுகின்றது. காசிபர் தம் புதல்வர்க்கு அறத்தை உபதேசிக்க, அவர்கள் அதனை விடுத்து மாயையின் சொல்லையே கொண்ட இடம் சென்ற வெள்ளியன்று வந்தது. "தகப்பன் நல்லதைத்தானே சொன்னார், பிள்ளைகள் ஏன் கேட்கவில்லை?" என்று பதினான்கு வயதினன் ஒருவன் வினாவினான். முதியவர் உடனே விடை கூறிலர். "அடுத்த வெள்ளி வாரும், தம்பி" என்றார். நெடுங்காலமாகத் திறவாதிருந்த உரைப்புத்தகத்தை அவர் பெட்டியினின்றும் எடுத்து, பேரப்பிள்ளையைக்கொண்டு வாசிப்பித்துக் கேட்கின்றார் என்று பின்னர் அறிந்தேன்.