அரத்தை உள்ளே வை, தம்பி

நம் காசு சேர்ப்போர் சங்கத்து மலரில் வெள்ளிக்காசைச் சோதிப்பது பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை கோபம் கூடியது, ஏனென்றால் நன்றாக எழுதியிருக்கிறாய். மோசமாக எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

1944-ஆம் வருஷத்து ஆறாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று வாங்கியிருக்கிறாய். காந்தம் ஒட்டவில்லை, வெள்ளிதான் என்று சந்தோஷப்பட்டாய். பிறகு என்ன சந்தேகமோ, அரம் எடுத்து விளிம்பை ராவினாய். மஞ்சள் சாயல் தெரிந்ததும் 'முலாம்' என்று தீர்ப்பு. விற்ற பழைய சாமான் கடைக்காரர் அடுத்த பத்தியிலேயே ஏமாற்றுக்காரர்.

காந்தம் பித்தளையிலும் ஒட்டாது, ஈயத்திலும் ஒட்டாது, செம்பும் நிக்கலும் கலந்த நம் பழைய ஐம்பது காசிலும் ஒட்டாது. ஒட்டினால் வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. அதன் யோக்கியதை அவ்வளவுதான்.

அரத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாயில் வெள்ளி பாதிதான்: நூற்றுக்கு 50 வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். யுத்த காலத்தில் ஜனங்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கினார்கள், சர்க்கார் வெள்ளியைக் குறைத்தது. நாற்பது பங்கு செம்புள்ள காசை ராவினால் மஞ்சள் தட்டாமல் பால் வெள்ளையா தெரியும்? கள்ளக்காசைத் தடுக்க அந்த வரிசைக்கென்று விளிம்பின் நடுவே பள்ளம் ஓட்டி வரி போட்டார்கள். உன் படத்தில் பார்த்தேன், நீ ராவியது சரியாக அந்த இடத்தை. சாட்சியை வெட்டிப்போட்டுவிட்டு வழக்கு நடத்தியிருக்கிறாய். மதுரையில் பிறந்த எம்.எஸ். அம்மாவின் நூற்றாண்டுக்கு வந்த 100 ரூபாய் காசும், 35 கிராம், இதே கலவைதான். அதையும் ராவுவாயா?

ஒரே ராஜா தலை, மூன்று உலோகம். 1938, 1939 என்று போட்டிருந்தால் 91.7 சதவீதம் வெள்ளி, அடுத்து பாதி, 1947 ரூபாய் வெறும் நிக்கல், காந்தம் கவ்விக்கொள்ளும். தலையை விடு, வருஷத்தைப் படி.

நான் பையனாகத் திரிந்த காலத்தில் மதுரைத் தெற்காவணி மூல வீதியில் ஒரு ஆசாரி இருந்தார். ரூபாயைக் கட்டைவிரலில் சுண்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்பார். விக்டோரியா ரூபாயின் ஓசை இழுத்துக்கொண்டே போகும். ஈயம் கலந்தது தொப்பென்று அடங்கும். காசை உரைகல்லில் இழுக்கச் சொன்னால் வாய்க்கு வந்தபடி திட்டுவார். கல் நகைக்கு, காசுக்குக் காதும் தராசும் போதும் என்பது அவர் கட்சி. ஒரு ரூபாய் ஒரு தோலா, 11.66 கிராம் என்பதால் அவர் கடையில் ரூபாயே எடைக்கல்லாகவும் உட்கார்ந்திருக்கும். மத்தியானத்தில் எனக்கும் சேர்த்துப் பருத்திப்பால் வாங்குவார், காசு மட்டும் என்னிடம்தான் வாங்கிக்கொள்வார்.

என் பைத்தியம் உனக்குத் தெரியும்: தண்ணீர். மில்லிகிராம் வரை காட்டாவிட்டாலும் பரவாயில்லை, 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கு. தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவா. காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்கவிடு. தேயாத விக்டோரியா ரூபாய்க்கு ஏறக்குறைய 1.13 காட்டும். உன் 1944-க்கு 1.22 பக்கம். செம்பு நிக்கலில் அதே எடைக்குச் செய்த போலி 1.31-க்குப் போய்விடும். தேய்ந்த காசென்றால் அதன் எடையை, முழுக்கியபோது தராசு காட்டிய எண்ணால் வகுத்துக்கொள். 91.7 சதவீத வெள்ளி ரூபாய் பத்துக்கு மேல் நிற்கும். ஈயமும் தகரமும் கலந்து இந்தக் கணக்கை ஏமாற்றலாம், அதற்குத்தான் ஆசாரியின் காது. கணித மேதை டி.டி. கோசாம்பி வெள்ளி முத்திரைக் காசுகளை ஆயிரக்கணக்கில் எடை போட்டு, தேய்மானத்திலிருந்தே அவை புழங்கிய காலத்தைக் கணக்கிட்டார். நம் போடிநாயக்கனூர்ப் புதையலும் அவர் ஆராய்ந்ததுதான்.

படத்துக்காகக் காசை விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறாய், பளபளப்பே சொல்கிறது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

ஆனால் காசுமாலைப் பத்தி! வளையம் பற்றவைத்த ரூபாயில் ஈயப்பற்றின் எடை சேர்ந்துவிடும், வளையத்தைக் கழற்றினாலும் விளிம்பில் தழும்பு நிற்கும், அதனால் எடை கூடினாலும் குறைந்தாலும் போலி என்று அவசரப்படாதே என்று எழுதினாயே, அதை இத்தனை வருஷத்தில் நான் எங்கும் படித்ததில்லை. உன் பாட்டி பெட்டியில் இருந்த மாலையைக் கொண்டே கண்டுபிடித்தாய் என்பது இன்னும் அழகு. பொறாமையாக இருக்கிறது.

அந்தக் கடைக்காரரிடம் போ. அடுத்த மலரில் திருத்தம் வரட்டும், அடிக்குறிப்பாக அல்ல, அவரைத் திட்டிய அதே அளவு எழுத்தில், அதே பக்கத்தில்.

அன்புடன்,
அண்ணன்