வாகனக் காப்பும் தற்காப்பின் எல்லையும்

மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளின் பழைய கட்டடங்களில் குடியிருப்போர் பலருக்குத் தெருவோரமே வாகன நிறுத்துமிடம். தாராவியின் குறுகிய சந்துகளில் வசிப்போர், வண்டியைப் பெருஞ்சாலையில் விட்டுவிட்டு நடந்தே வீடு சேர வேண்டியுள்ளது. கடன் பெற்று வாங்கிய கார் இரவெல்லாம் காவலின்றி நிற்கிறது. அதைத் திருட முயல்பவனை நேரில் கண்டால் நாம் எதுவரை செல்லலாம் என்பதை இங்கு ஆராய்வோம்.

உரிமையும் வரம்பும்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் தற்காப்புரிமையை வகுத்துரைக்கிறது. நம் உடைமையை மட்டுமன்றிப் பிறர் உடைமையையும் திருட்டினின்று காக்க 35ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆனால், காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருப்பின் அவ்வுரிமை இல்லை. தேவைக்கு மிகுந்த தீங்கு இழைத்தலும் கூடாது என்று 37ஆம் பிரிவு வரம்பிடுகிறது.

ஆகவே, காரின் கண்ணாடியை உடைப்பவனைத் தடுக்கலாம்; தேவையான அளவு பலத்தையும் பயன்படுத்தலாம். வெறும் திருட்டைத் தடுப்பதற்காக அவன் உயிரைப் போக்க 42ஆம் பிரிவு இடந்தரவில்லை. அவனே கத்தியை உருவி, நமக்கு உயிரச்சமோ கொடுங்காய அச்சமோ நியாயமாக எழுந்தால் நிலைமை வேறு. அவன் வண்டியைக் கைவிட்டு ஓடிவிட்டால், உடைமை மீண்டுவிட்டமையால் உரிமையும் முடிந்தது. பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டி ஊர்கூடி அடிப்பது தற்காப்பு அன்று, அடித்தவர்களே குற்றவாளிகளாவர்.

நம் கண்முன் திருடியவனைப் பிடித்துவைக்க, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆயினும் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் அவனைக் காவல்துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

வண்டி போய்விட்டால்

உடனே 112 எண்ணை அழைத்து, காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்க. காப்பீட்டு நிறுவனத்துக்கும் வங்கிக்கும் அன்றே தெரிவிப்பது நலம். காவல்துறையில் உடனடியாகப் புகார் பதிவாகியிருந்தால், காப்பீட்டாளருக்குத் தகவல் தர நேர்ந்த தாமதத்தை மட்டுமே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கலாகாது என 2020இல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் திருட்டுக்கு இழப்பீடு கிடையாது. கடன் நிலுவையிருப்பின் இழப்பீட்டுத் தொகை முதலில் அக்கடனுக்கே செல்லும். வண்டி இல்லாவிடினும் மாதத் தவணை நிற்காது.

முன்காப்பு

ஸ்டீயரிங் பூட்டு, ஜிபிஎஸ் கருவி ஆகியவற்றைப் பொருத்துக. ஒளியும் கண்காணிப்புக் கேமராவும் உள்ள இடத்தில் நிறுத்துக. ஒரு நிமிடமே ஆயினும் சாவியை வண்டியில் விட்டு இறங்கற்க. அக்கவனக்குறைவு இழப்பீட்டையும் குறைக்கக்கூடும். காப்பீட்டாளர் இரு சாவிகளையும் கேட்பராதலால் மாற்றுச் சாவியைப் பத்திரப்படுத்துக. அசல் ஆவணங்களை வீட்டில் வைத்து, டிஜிலாக்கர் வழியே கைப்பேசியில் காட்டுக.

போன காருக்குக் காப்பீடு ஈடு தரும். சினத்தில் ஓங்கிய கை பறித்த உயிருக்கு ஈடு தருவார் எவருமில்லை.