ஐந்து நாற்காலியும் அடுத்தவர் ஓட்டும்

கேள்வி: அசீரியர்கள் என்றால் பள்ளிப் புத்தகத்தில் படித்த பழைய பேரரசுதானே? இன்றும் அவர்களுக்கு அரசியல்வாதி உண்டா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: பேரரசு போய்விட்டது, மக்கள் இருக்கிறார்கள். வட இராக்கில் நினிவே சமவெளியிலும் தொஹுக்கிலும் வாழும் கிறிஸ்தவர்கள். வீட்டில் அரமேய வழிவந்த மொழி பேசுபவர்கள். (நம் பக்கத்துத் திருச்சூரிலும் அவர்களுடைய கீழைத் திருச்சபைக்கு ஆலயங்கள் உண்டு.)

அவர்களில் முக்கியமானவர் யோனாதம் கன்னா. 1979-இல் தொடங்கிய அசீரிய ஜனநாயக இயக்கத்தை நெடுங்காலம் நடத்தியவர். 1985-இல் சதாம் அரசு அந்த இயக்கத்தவர் மூவரைத் தூக்கிலிட்டது. சதாம் வீழ்ந்தபின் 2003-இல் அமைந்த 25 பேர் இடைக்கால ஆட்சிக்குழுவில் ஒரே கிறிஸ்தவர் கன்னாதான். இராக்கின் 2005 அரசியல் சட்டம் அசீரியர்களின் நிர்வாக, கல்வி உரிமைகளை 125-ஆம் பிரிவில் ஏற்றுக்கொண்டது.

ஏட்டில் எல்லாம் சரி. சிக்கல் ஓட்டுப்பெட்டியில். இராக் நாடாளுமன்றத்தின் 329 இடங்களில் கிறிஸ்தவர்களுக்கு ஐந்து ஒதுக்கீடு. வேட்பாளர் கிறிஸ்தவராக இருந்தால் போதும், ஓட்டு யாரும் போடலாம். பெரிய கட்சிகள் தங்களுக்கு வேண்டியவரை நிறுத்தி, தங்கள் ஆட்களின் ஓட்டால் ஜெயிக்க வைப்பதாகக் கன்னாவின் இயக்கம் புகார் சொல்லிவந்தது. 2010-இல் ஐந்தில் மூன்று கன்னாவின் இயக்கத்தின் கையில் இருந்தது. 2021-இல் ஷியா அணிகளுக்கு நெருக்கமான பாபிலோன் இயக்கம் நான்கைத் தட்டிச் சென்றது.

ஒதுக்கீட்டு இடத்துக்கு அந்தச் சமூகமே ஓட்டுப்போட வேண்டும் என்ற கன்னா இயக்கத்தின் கோரிக்கை எனக்கு நியாயமாகவே படுகிறது.