லாவெண்டர் வயலுக்குக் கிளம்பும் முன்

ஜூன் பிறந்தால் போதும், துலூஸ், லியோன், கிரெனோபிள் என்று பிரான்சின் பல்கலைக்கழக ஊர்களில் படிக்கும் நம் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்வி வரும்: "அண்ணா, லாவெண்டர் எப்போ பூக்கும்?" தேர்வு முடிந்து பயிற்சி வேலை தொடங்குவதற்குள் கிடைக்கும் ஒரு வாரத்தை எங்கே செலவிடுவது என்று அதற்குள் முடிவாகியிருக்கும். கைப்பேசியில் பார்த்த ஊதா வயல் அதை முடிவு செய்திருக்கும். இல்லையென்றால், கோடைக்கு வந்து சேரும் அப்பாவும் அம்மாவும், "எதிர்வீட்டுப் பையன் அவங்க அம்மாவை அங்கதான் கூட்டிட்டுப் போனானாம்" என்று சொல்லியிருப்பார்கள். திரும்பி வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் படங்களைக் காட்டுகிறார்கள், சொல்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. மண்ணும் கல்லும் பாலும் இத்தனை பேசுகிற ஒரு நாட்டுப்புறத்துக்கு வந்துவிட்டு அப்படித் திரும்புவது எனக்குப் பெரிய வருத்தம்.

லுவார் அரண்மனைகள், அல்சாஸின் திராட்சைத் தோட்டச் சாலை, மோன் சேன் மிஷெல் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எளிதாகப் போய்வரலாம், போனவர்கள் ஏமாறுவதுமில்லை. எந்த ஊர் என்று குழம்ப வேண்டியது தெற்கே வந்தால்தான். கிழக்கில் ப்ரொவான்ஸ், மேற்கில் பெரிகோர், நடுவில் ஓவெர்ஞ், அதற்குத் தெற்கே லோத் ஆறும் அவெய்ரோன் மாவட்டமும். இந்த நான்கில் எல்லோரும் ஓடுவது முதலாவதுக்கு. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வலான்சோல் மேட்டுநிலத்தில் பூ ஜூன் நடுவில் நிறம் ஏறத் தொடங்கும். ஜூலை நடுவில் அறுவடை இயந்திரங்கள் இறங்கிவிடும். மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப இந்தக் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாகும். ஜூலைக் கடைசிக்கு முன்பதிவு செய்துகொண்டு போகிறவர்கள் பார்ப்பது ஒட்ட வெட்டிய சாம்பல்நிறப் புதர்களை. இன்னும் உயரத்தில் இருக்கும் சோ என்ற ஊர்ப் பக்கம் பூ சற்றுத் தாமதமாக வரும். அதை யாரும் அந்தப் படங்களுக்குக் கீழே எழுதுவதில்லை.

வலான்சோலில் கண்ணுக்கெட்டிய தூரம் தெரிவது பெரும்பாலும் லாவெண்டரே இல்லை, லாவான்டின் என்ற கலப்பினம். விதை தராது, பதியன் வைத்துத்தான் பெருக்குகிறார்கள். எண்ணெய் அதிகம் கிடைக்கும், மணம் முரடு. அந்த எண்ணெயில் பெரும்பங்கு சோப்புக்கும் சலவைத்தூளுக்கும் போகிறது. வாசனைத் திரவியக்காரர்கள் தேடும் உண்மையான லாவெண்டர் ஏறக்குறைய 800 மீட்டருக்கு மேல், மெலிந்த மண்ணில், சிறிய திட்டுகளாக வளர்கிறது. படத்துக்கு அது எடுப்பாக இராது, அதனால் யாரும் அங்கே போவதில்லை.

போக்குவரத்தோ இன்னும் மோசம். அந்த வயல்களுக்கு நடுவே ரயில் கிடையாது, பேருந்தும் சொற்பம். கார் வேண்டும். 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பல நிறுவனங்கள் வாடகைக்குக் கொடுப்பதில்லை, 25 வரை கூடுதல் கட்டணம் கேட்பார்கள். மாணவனின் கையில் இருக்கும் பணம் இதிலேயே கரைந்துவிடும். போய்ச் சேர்ந்தால் முப்பத்தைந்து டிகிரி வெயில், சாலையோரம் முழுக்க நிறுத்திய கார்கள், வரிசைக்கு வரிசை வெள்ளை உடையில் நிற்கும் கூட்டம். அந்த வயல் ஒரு குடும்பத்தின் பிழைப்பு. வரிசைகளை மிதித்தும் கொத்துக் கொத்தாய்ப் பறித்தும் போகிறவர்களைப் பார்த்து விவசாயிகள் நொந்துபோயிருக்கிறார்கள். ஏற்கெனவே தத்துப்பூச்சி பரப்பும் நோயால் செடிகள் காய்ந்துகொண்டிருக்கும் நிலை அவர்களுடையது. செனாங்க் மடம் 1148ல் தொடங்கியது. துறவிகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள், அமைதி காக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். மதில் ஓரத்து லாவெண்டரைப் படம் எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் வெறுங்கல் தேவாலயத்தைப் பாராமலே திரும்புகிறவர்கள் பலர். எந்த அலங்காரமும் வேண்டாம் என்று முடிவெடுத்த சிஸ்டெர்சியன் துறவிகள் ஒளியையும் கல்லையும் மட்டும் வைத்துக் கட்டியது அது. அந்த இடத்தின் பொருளே உள்ளேதான் இருக்கிறது.

ப்ரொவான்ஸ் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. செப்டம்பரில் போங்கள். சில இடங்களில் 700 மீட்டர் ஆழம் இறங்கும் வெர்தோன் பள்ளத்தாக்கு அப்போது நடப்பதற்கு இதமாக இருக்கும். துளசி இனத்து இலையைப் பூண்டோடும் ஆலிவ் எண்ணெயோடும் அரைத்துக் கலந்த காய்கறிச் சூப் கிடைக்கும், சைவர்கள் வயிறார உண்ணலாம். நவம்பரிலிருந்து மார்ச் வரை சனிக்கிழமைகளில் ரிஷ்ரான்ஷ் என்ற ஊரில் ட்ரஃபிள் காளான் சந்தை கூடும். ஜூலையில் ஒரு வாரம் மட்டும் கையில் வைத்திருக்கும் மாணவனுக்குத்தான் ப்ரொவான்ஸ் வேண்டாம் என்கிறேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெரிகோர் வேறு வகை. மனிதன் எப்போது ஓவியனானான் என்ற கேள்வி உங்களை ஒருமுறையாவது தொட்டிருந்தால் வெசேர் ஆற்றின் பள்ளத்தாக்குக்குப் போங்கள். 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் கண்டுபிடித்த, ஆதி ஓவியங்கள் நிறைந்த லாஸ்கோ குகையை 1948ல் மக்களுக்குத் திறந்தார்கள். வந்தவர்களின் மூச்சுக் காற்றும் ஈரமும் சுவரில் பச்சைப் பாசியை வளர்த்தன. 1963ல் பண்பாட்டு அமைச்சராக இருந்த ஆந்த்ரே மால்ரோ அதை மூடினார். இப்போது மோன்தின்யாக்கில் பார்ப்பது 2016ல் திறந்த முழுப் பிரதி. நல்ல பிரதிதான். ஆனால் மூல ஓவியங்களின் முன் நிற்பதற்கு அருகிலேயே இன்னும் வழி இருக்கிறது. லெ எசி என்ற ஊரில் ஃபோன் த கோம் குகைக்குள் சிறு குழுவாக, குறைந்த எண்ணிக்கையில் விடுகிறார்கள். முன்பதிவு கட்டாயம். லெ எசிக்கு ரயில் நிலையம் இருக்கிறது, அங்கிருந்து குகைக்கு நடந்தே போய்விடலாம். கார் இல்லாதவனுக்கு இதைவிட நல்ல செய்தி அந்த வட்டாரத்தில் இல்லை.

சார்லா ஊரின் சந்தை புதனும் சனியும். பழைய நகரங்களை இடிக்காமல் காக்க மால்ரோ 1962ல் கொண்டுவந்த சட்டம் முதலில் பயன்பட்ட ஊர்களில் அதுவும் ஒன்று, அதனால்தான் அந்தத் தேன்நிறக் கல்வீடுகள் இன்றும் நிற்கின்றன. உணவில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அங்கே எல்லாம் வாத்து. உருளைக்கிழங்கைக்கூட வாத்துக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். ஃபுவா க்ரா என்பது குழாய் வழியே மக்காச்சோளம் ஊட்டிக் கொழுக்கவைத்த வாத்தின் ஈரல் என்பதைத் தெரிந்துகொண்டு உண்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். அக்ரூட் கேக்கும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் வாத்து வேண்டாதவர்களுக்கு உண்டு.

ஓவெர்ஞ் நடப்பவர்களுக்கும் நிலவியல் படிப்பவர்களுக்கும் உரியது. கிளெர்மோன் ஃபெரானுக்குப் பாரிஸிலிருந்து நேரடி ரயில் உண்டு. ஊருக்கு மேலே சுமார் 80 எரிமலைகள் வரிசையாக உறங்குகின்றன, 2018ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. 1,465 மீட்டர் உயரமுள்ள புய் த தோம் உச்சிக்குத்தான் 1648ல் பாஸ்கலின் மைத்துனர் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, மேலே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறைவதைக் காட்டினார். இயற்பியல் படிக்கும் பிள்ளை அங்கே நிற்காமல் வேறு எங்கே நிற்பது? லெ புய் ஊரின் பச்சைநிற மசூர்ப் பருப்பை ஊறவைக்க வேண்டியதில்லை, குழையாமல் வேகும். பருப்புக்குப் பழகிய நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். ஆனால் உணவகங்களில் உப்புக்கண்டப் பன்றியோடு சமைப்பதே வழக்கம், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

என்னை ஒரே இடம் சொல்லச் சொன்னால், லோத் ஆற்றுப் பக்கத்திலிருந்து லார்சாக் மேட்டுநிலம் வரையுள்ள லோத், அவெய்ரோன் வட்டாரத்தையே சொல்வேன். அந்த ஊர்களோடு எனக்கு ஒட்டுதல் உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் காரணங்கள் இருக்கின்றன.

கோங்க் என்ற சிற்றூர் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் தேவாலய வாசலுக்கு மேலே இறுதித் தீர்ப்பைச் செதுக்கியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டு வேலை, பழைய வண்ணம் இன்னும் ஆங்காங்கே ஒட்டியிருக்கிறது. கஞ்சனும் பொய்யனும் அங்கே படும் பாட்டை எழுத்தறியாத யாத்திரிகனும் படித்துவிட முடியும். நம் கோபுரங்களை நிமிர்ந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கல்லின் முன் அந்நியம் தோன்றாது. உள்ளே ஓவியர் பியேர் சூலாஜ் செய்த 104 சாளரங்கள். அவர் அருகிலுள்ள ரொதெஸ் ஊரில் 1919ல் பிறந்தவர். நிறக்கண்ணாடியே வேண்டாம் என்று ஒதுக்கி, ஒளியை மட்டும் உள்ளே விடுகிற ஒரு கண்ணாடியை ஆண்டுக்கணக்கில் சோதித்து உருவாக்கினார். 1994ல் பணி முடிந்தது. காலையில் ஒருமுறையும் சாயங்காலம் ஒருமுறையும் போய் உட்காருங்கள். அதே சாளரம் வேறாக இருக்கும்.

ரோக்ஃபோரில் பாலாடைக்கட்டி முதிரும் குகைகளைப் பார்க்கலாம். கொம்பாலு மலை சரிந்தபோது உண்டான பிளவுகள் வழியே ஈரக்காற்று ஓயாமல் வீசுகிறது. அந்தக் காற்றில்தான் லாகோன் இனச் செம்மறியின் காய்ச்சாத பாலில் நீலப் பூஞ்சை வளர்கிறது. 1925லேயே சட்டம் அந்தப் பெயரை அந்த ஊருக்கு உரிமையாக்கிவிட்டது. ஓப்ராக் மேட்டுநிலத்துக்குப் போனால் அலிகோ கேட்டுச் சாப்பிடுங்கள். மசித்த உருளைக்கிழங்கில் புதிய பாலாடைக்கட்டியைச் சேர்த்துக் கிண்டிக்கொண்டே இருப்பார்கள், கரண்டியைத் தூக்கினால் அறுபடாமல் நீளும். ஒன்றை மட்டும் சைவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்: இந்த மரபுப் பாலாடைக்கட்டிகளில் பெரும்பாலானவற்றைக் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால்தான் உறைய வைக்கிறார்கள். அது வேண்டாதவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

லார்சாக்குக்கு இந்தியர் ஒவ்வொருவரும் போக வேண்டும் என்பேன். 1971ல் அங்கிருந்த ராணுவ முகாமைப் பல மடங்கு விரிவாக்க அரசு முடிவெடுத்தபோது, நிலத்தை விற்க மாட்டோம் என்று 103 விவசாயிகள் உறுதி எடுத்தார்கள். அவர்களோடு வந்து அமர்ந்து உண்ணாவிரதம் இருந்தவர் லான்சா தெல் வாஸ்தோ. வார்தாவில் காந்தியிடம் தங்கிக் கற்றுத் திரும்பியவர். அடிதடி இல்லை. ஈஃபில் கோபுரத்தின் அடியில் செம்மறிகளைக் கொண்டுவந்து விட்டார்கள், டிராக்டரில் பாரிஸுக்குப் போனார்கள். பத்தாண்டுகள் தாங்கினார்கள். 1981ல் மித்தெரான் அதிபரானதும் திட்டத்தைக் கைவிட்டார். அரசு ஏற்கெனவே வாங்கியிருந்த நிலத்தை இன்று விவசாயிகளே கூடி நிர்வகிக்கிறார்கள். கல்லும் புல்லும் காற்றும் தவிர ஏதும் இல்லாதது போலத் தெரியும் அந்த வெளியில் நடக்கும்போது இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

தம்பி, தங்கைகளே, எதன் முன்னால் உங்கள் கால் தானாக நிற்கிறது என்று முதலில் பாருங்கள். கல்லா, சமையலா, நடையா, வரலாறா? அது உங்களுக்குத்தான் தெரியும், கைப்பேசிக்கோ எதிர்வீட்டுப் பையனுக்கோ தெரியாது. அப்பா அம்மா வருகிறார்கள் என்றால் அவர்களுடைய முழங்காலையும் கணக்கில் எடுங்கள். ஒரு வாரத்தில் ஐந்து ஊர் என்று போடாதீர்கள். ஒரே ஊரில் நான்கு இரவு தங்குங்கள். முதல் நாள் முகம் கொடுக்காத ரொட்டிக்கடை அம்மா மூன்றாம் நாள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார். கடைக்குள் நுழைந்ததும் "போன்ஷூர்" சொல்லாமல் விலை கேட்காதீர்கள், அங்கே அது அவமரியாதை. மதியம் இரண்டு மணிக்கு மேல் சமையலறை மூடிவிடும், ஞாயிறும் திங்களும் பல கடைகள் திறக்காது. வார நாள் மதியத்தில் அன்றைய சாப்பாடு என்று பலகையில் எழுதியிருப்பதைக் கேளுங்கள், இரவுச் சாப்பாட்டைவிட மலிவாகவும் பெரும்பாலும் நன்றாகவும் இருக்கும். பேருந்துகள் சில ஊர்களுக்கு நாளுக்கு ஒன்றிரண்டுதான். பள்ளி விடுமுறையில் அதுவும் குறையும். அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கப் பழகுங்கள்.

இந்த லோத் பக்கத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு ஃபிஜாக் என்ற ஊரைப் பரிந்துரைப்பேன். எகிப்திய எழுத்தைப் படித்துக் காட்டிய ஷாம்போலியோன் 1790ல் பிறந்த ஊர். அவர் வீடு இன்று உலக எழுத்துகளின் அருங்காட்சியகம், அருகே ஒரு முற்றத்தின் தரை முழுக்க ரொசெட்டா கல்லைப் பெரிதாக்கிப் பதித்திருக்கிறார்கள். லோத் பள்ளத்தாக்கு வழியாகக் காஹோர் பக்கம் போகும் பேருந்தில் ஏறி வழியில் இறங்கிச் சில கிலோமீட்டர் நடந்தால் பெஷ் மெர்ல் குகை. சுமார் 29,000 ஆண்டுகளுக்கு முன் வரைந்த புள்ளிக் குதிரைகளை, பிரதியாக இல்லாமல் மூலமாகவே பார்க்கலாம். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருக்கிறது, இடத்தை முன்பே பிடியுங்கள். துலூஸிலிருந்து ஃபிஜாக்குக்கு நேரடி ரயில் உண்டு. ஊர்ச் சந்தை சனிக்கிழமை காலை என்பதால் வெள்ளி மாலையே ஏறிவிடுங்கள்.